நன்றி செய்தலும் நன்றி கூறலும்
‘தேங்க் யூ’ என்னும் ஆங்கில வழக்கினை முன்னிட்ட ஒரு சொல்வரலாற்று ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவன் முதன்முதற் பயிலும் தொடர்களுள் ‘தேங்க் யூ’ என்பது ஒன்று. அதற்கு நேராக ‘நன்றி’ என்று அவன் தன் ஏட்டிற் குறித்துக்கொள்கின்றான். தமிழ் கற்க வரும் பிறமொழியாளரும் இதே சமன்பாட்டினையே தலைகீழாக மனங்கொள்கின்றனர். இரண்டு சொற்களும் ஒன்றற்கொன்று நேர் என்னும் நம்பிக்கை இன்று ஐயத்திற்கு இடமின்றி நிலைத்துவிட்டது. ஆயினும் இந்நேர்மை பழமையானதன்று. ‘நன்றி’ என்னும் சொல் ஈராயிரம் ஆண்டாகத் தமிழில் வழங்குவது. உதவி பெற்றவர் உதவியவரை நோக்கி ‘நன்றி’ என்று வாயாற் சொல்லும் வழக்கமோ மிக அண்மைக்காலத்தது. இவ்விரண்டற்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்தினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி எனத் தள்ளத்தக்கதன்று. இந்திய மொழிகளில் நன்றி கூறுதற்கு அன்றாடச் சொல் ஒன்று இல்லை. ஆகவே இந்நாட்டு மக்களிடம் அவ்வுணர்ச்சியும் குறைவு என்று ஐரோப்பியர் சிலர் கருதியதுண்டு. சொல் இல்லாமையினின்று உணர்வு இல்லாமையைத் துணிதல் பிழையான அளவை. அப்பிழை இன்னும் முற்றும் ஒழியவில்லை. ஊர்ப்புறத்து முதியவர் ஒருவர் ‘நன்றி’ எனச் சொல்லாது போனால் அவரைப் பண்பறியாதவர் என நகரத்தில் வளர்ந்த அவர் பேரனே எண்ணும் நிலை இன்று உளது. ஆதலின் இச்சொல்லின் வரலாறு ஒரு சமுதாயத்தின் பண்பு பற்றிய தீர்ப்போடு தொடர்புடையது என்க.

ஆய்வுக்கு ஏற்ற நிலைக்களனாகப் பாக் விரிகுடாவின் கரையிலுள்ள கோட்டைப்பட்டினத்தினைக் கொள்ளலாம். மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடைப்பட்ட இம்மீன்பிடித் துறையூர் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தினது. 1974 ஆம் ஆண்டு அம்மாவட்டம் அமைக்கப்படுமுன் இப்பகுதி தஞ்சை மாவட்டத்து அறந்தாங்கி வட்டத்தைச் சார்ந்திருந்தது. மீனவரும், முஸ்லிம்களும், உள்நாட்டு உழவரும் கலந்து பழகும் கரை இது. தமிழ், அரபு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளின் நன்றிமொழிகளும் இத்தகைய கரையூர்களில் அருகருகே ஒலிக்கின்றன. முதலில் சொல்லின் பழவரலாற்றினைக் கண்டு, பின்னர் இக்கரைக்குத் திரும்புவோம்.

2. நன்றி செய்தல்

ஒரு பெயர்ச்சொல்லின் பொருளை அறிய அச்சொல் எவ்வினையொடு கூடி வருகின்றது என நோக்குதல் நல்ல வழியாகும். பண்டை இலக்கியத்தில் ‘நன்றி’ பெரிதும் ‘செய்’ என்னும் வினையொடு கூடி வருதலைக் காண்கின்றோம். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துள் காலத்தாற் செய்யப்பெறும் நன்றியும், தினையளவாகச் செய்யப்பெறும் நன்றியும் பேசப்படுகின்றன. மக்கட்பேறு என்னும் அதிகாரத்துள் தந்தை மகனுக்கு ஆற்றும் நன்றி சொல்லப்படுகின்றது. மூதுரையின் முதற்பாட்டும் பிறர்க்குச் செய்யும் நன்றியைப் பற்றியதே. இவ்விடங்களில் எல்லாம் நன்றியைச் செய்பவன் உதவி பெற்றவனல்லன், உதவியவன். தந்தை மகனுக்கு நன்றி ஆற்றினான் என்பதனை இன்றைய வழக்கொடு படிக்கும் மாணவன், தந்தை மகனுக்கு நன்றி தெரிவித்தான் எனப் பொருள்கொள்ள நேரும். ஆசிரியர் கருத்தோ அதற்கு முற்றும் வேறு.

எனவே நன்றி என்பது முதற்கண் செயலின் பெயர். செயலால் விளையும் பயனுக்கும் பெயர். ‘நல்’ என்னும் அடியிற் பிறந்த நன்மை, நன்று, நன்றி ஆகிய மூன்றும் உடன்பிறந்த சொற்கள். தொல்காப்பிய உரியியல் ‘நன்று’ என்பதற்குப் பெரிது என்னும் பொருளும் உண்டு எனக் கூறுதல் இங்கு நினைவுகூரத்தக்கது. ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் நல்லொழுக்கத்தை நன்றிக்கு வித்தாகக் கூறும் குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், ஆண்டு அச்சொல்லுக்கு அறம் எனப் பொருளுரைத்தார். நன்மை, உதவி, பயன், அறம் ஆகிய பொருள்கள் ஒன்றையொன்று தழுவி நின்றன என்பது இதனாற் பெறப்படும்.

இதற்குச் சிறந்த சான்று திருக்குறளின் நூற்றோராம் அதிகாரத் தலைப்பாகும். ‘நன்றியில் செல்வம்’ என்பது அதன் பெயர். இக்கால வழக்கினை மட்டும் அறிந்தோர் இத்தலைப்பினை நன்றியுணர்ச்சி இல்லாத செல்வரைப் பற்றியது எனக் கொள்ளக்கூடும். உள்ளே கூறப்படுவதோ, ஈட்டியவனுக்கும் பிறர்க்கும் பயன்படாத செல்வத்தின் இழிவு. ஒரு சொல்லின் புதுப்பொருள் பழநூலின் வாயிலை மறைத்துநிற்கும் விதத்திற்கு இஃது எடுத்துக்காட்டு.

3. நன்றி அறிதல்

செயலைக் குறித்த சொல், அச்செயலைப் பெற்றவனது உள்ளத்தைக் குறிக்கும் நிலைக்கு எவ்வாறு வந்தது? இங்கும் வினைச்சொற்களே வழிகாட்டுகின்றன. பெற்றவனைப் பற்றிப் பேசுமிடத்து நன்றி ‘செய்’ என்னும் வினையை விட்டு அறிதல், மறத்தல், கொல்லுதல் என்னும் வினைகளொடு சேர்கின்றது. திருக்குறள் அதிகாரத்தின் பெயர் வெறும் நன்றி என்பதன்று, செய்ந்நன்றியறிதல் என்பதாகும். செய்தல் ஒருவனது தொழில். அறிதல் மற்றவனது தொழில். இரண்டற்கும் நடுவே நன்றி பொதுப்பொருளாய் நிற்கின்றது. 1886 ஆம் ஆண்டில் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர் இவ்வதிகாரத் தலைப்பினைச் செய்யப்பட்ட நன்மைகளை அறிதல் என்னும் கருத்துப்படவே பெயர்த்தார். வடமொழியில் இப்பண்புடையவனைக் ‘கிருதக்ஞன்’ என்பர். செய்யப்பட்டதை அறிபவன் என்பதே அச்சொல்லின் பொருள். இரு மொழிகளும் நன்றியுணர்வை அறிவின்பாற் படுத்தமை காண்க.

புறநானூற்றின் 34 ஆம் பாட்டில், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை நோக்கிப் பாடும் ஆலத்தூர் கிழார், கொடிய பாவங்கள் சிலவற்றை எண்ணி, அவற்றுக்கெல்லாம் கழுவாய் உண்டு, பிறர் செய்ததனைக் கொன்றார்க்கு மட்டும் உய்வில்லை என அறநூல் கூறுவதாக மொழிகின்றார். ஈண்டு அவர் ஆளும் சொல் ‘செய்தி’ என்பது. செய்யப்பட்டது என்பதே அதன் பொருள். பிறன் செய்த உதவி உயிருள்ள ஒரு பொருள் போன்றது. பெற்றவன் நினைவில் அது வாழ்கின்றது. அவன் மறக்குங்கால் அது கொல்லப்படுகின்றது. மறதியைக் கொலையாகக் கருதிய சமுதாயத்தினைப் பார்த்து, அதற்கு நன்றிக்கு ஒரு சொல் இல்லை என்று கூறுதல் எத்துணைப் பொருந்தாக் கூற்று!

ஆங்கிலச் சொல்லின் வேரும் இங்கேதான் நம்மைக் கொண்டுவந்து சேர்க்கின்றது என்பது வியத்தற்குரியது. ‘தேங்க்’ என்பதும், எண்ணுதல் எனப் பொருள்படும் ‘திங்க்’ என்பதும் ஓரடியிற் பிறந்தவை. பழைய ஆங்கிலத்தில் ‘தாங்க்’ என ஒலித்த பெயர் எண்ணம், நினைவு, நல்லெண்ணம் ஆகியவற்றை உணர்த்திற்று. செருமானிய மொழியிலும் ‘டாங்கன்’ என்பது நன்றி கூறுதலையும், ‘டெங்கன்’ என்பது எண்ணுதலையும் குறிக்கின்றன. ஆகவே ‘உன்னை நல்லெண்ணத்தோடு நினைக்கின்றேன்’ என்பதே அவ்வழக்கின் பழம்பொருளாகும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் நம் பழமொழி அதே நினைவினையே வற்புறுத்துகின்றது. வேரளவில் இரு மொழியும் உடன்படுகின்றன. வேற்றுமை எங்குளது எனின், அந்நினைவினை வெளிப்படுத்தும் முறையில் உளது.

4. வாழ்த்துதல்

உதவி பெற்ற பண்டைத் தமிழன் உதவியவன் முன்னின்று என்ன சொன்னான்? இவ்வினாவிற்கும் மேற்கூறிய ஆலத்தூர் கிழார் பாட்டே விடை தருகின்றது. காலையும் மாலையும் நல்லுணவு உண்டு மகிழ்ந்த தாம், தம் அரசன் வாழ்க எனப் பாடாது விடின் கதிரவனும் தன் தொழிலின் வழுவுவான் என்கின்றார் புலவர். இறுதியில், இமயத்திற் றிரண்ட மேகம் பொழியும் மழைத்துளிகளினும் மிகப் பல ஆண்டுகள் மன்னன் வாழ்தல் வேண்டும் என வாழ்த்துகின்றார். செய்ததை மறத்தலின் கொடுமையிற் றொடங்கிய பாட்டு, செய்தவனை வாழ்த்துதலில் முடிகின்றது. இடையில் ‘உனக்கு நன்றி’ என்னும் மொழி எங்கும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. வாழ்த்தே நன்றிமொழி.

அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையார் பாட்டும் இவ்வாறே அமைந்துள்ளது. நீண்ட வாழ்நாள் தரும் கனியைத் தானே உண்ணாது புலவர்க்கு ஈந்த மன்னனை, நஞ்சுண்டும் சாவாத நீலகண்டனைப்போல நிலைபெறுக என அவர் வாழ்த்தினார். பெற்றது வாழ்நாள்; திருப்பியளித்ததும் வாழ்நாளை வேண்டும் வாழ்த்து. கைம்மாறு இயலாதவிடத்து வாழ்த்துக் கைம்மாறாகின்றது.

கல்வெட்டுகளிலும் ஒரு நன்றிமொழி உண்டு. கோயிற்கு நிலமோ விளக்கோ அளித்தவர், இவ்வறத்தினைப் பிற்காலத்தே காப்பவருடைய திருவடிகள் தம் தலைமேல் உள்ளன எனப் பொறிப்பித்தனர். தமிழ்க் கல்வெட்டுகளின் இறுதியிற் பெருவழக்காகக் காணப்படும் தொடர் இது. இன்னும் பிறவாத ஒருவர் இனிச் செய்யப்போகும் உதவிக்கு முன்கூட்டியே தலைவணங்கும் இத்தொடர், ஆங்கிலக் கடிதங்களின் இறுதியில் முன்கூட்டி நன்றி தெரிவிக்கும் வழக்கோடு ஒப்புநோக்கத் தக்கது. பிறிதொரு வகையில், நினைவினை நூலிற் பொறித்துவைத்தலும் உண்டு. கம்பர் தம்மை ஆதரித்த வெண்ணெய்நல்லூர்ச் சடையப்பரை இராமகாதையுள் நினைந்து பாடியமை யாவரும் அறிந்தது.

இதுகாறும் கண்டவற்றாற் பெறப்படுவது இது: பண்டைத் தமிழில் நன்றி செய்யப்பட்டது, பெற்றவனால் அறியப்பட்டது, வாய்மொழியாக வெளிப்பட்டபோது வாழ்த்தாகவும் வணக்கமாகவும் வெளிப்பட்டது. நன்றி சொல்லப்பட்டதில்லை.

5. நன்றி கூறல்

ஆங்கிலம் இக்கரையை அணுகிய வரலாறு இனிக் கருதற்பாலது. தஞ்சையில் கும்பினியாரின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவனும், செருமானிய நாட்டுச் சமயத்தொண்டரான சுவார்ட்சு பாதிரியாரும் முயன்று, 1785 ஆம் ஆண்டளவில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகளை ஏற்படுத்தினர். இந்நாட்டு மக்கள் பொருட்டு ஏற்பட்ட ஆங்கிலப் பள்ளிகளுள் இவை மிகப் பழையன. கோட்டைப்பட்டினக் கரை, தஞ்சைக்கும் இராமநாதபுரத்துக்கும் இடைப்பட்ட நிலம் என்பதை நினைவிற் கொள்க. அக்காலத்தேயே இருமொழி அகராதிகளும் தோன்றின. பப்ரீசியசு பாதிரியார் சென்னை வேப்பேரியில் 1779 ஆம் ஆண்டில் தமிழ்-ஆங்கில அகராதியையும், 1786 ஆம் ஆண்டில் ஆங்கில-தமிழ் அகராதியையும் வெளிப்படுத்தினார். 1862 ஆம் ஆண்டில் வின்சுலோவின் பேரகராதி வந்தது.

ஆங்கில வழக்கொன்றினைத் தமிழில் பெயர்க்கவேண்டிய நெருக்கடி அன்று எழுந்தது. அதற்கு ஒரே விடை அமையவில்லை. கிறித்தவ வேதநூற் பெயர்ப்பாளர் இறைவனுக்குச் செலுத்தும் நன்றிக்கு ‘ஸ்தோத்திரம்’ என்னும் வடசொல்லை மேற்கொண்டனர். புகழ்தல் என்பது அதன் பொருள். கற்றோர் கடிதங்களிலும் சொற்பொழிவுகளிலும் ‘வந்தனம்’ என்பது வழங்கிற்று. அது வணங்குதல் எனப் பொருள்படும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கூட்ட நிகழ்ச்சிநிரல்களின் இறுதியில் ‘வந்தனோபசாரம்’ என்னும் சொல்லைக் காணலாம். ஸ்தோத்திரமும் வந்தனமும் வடசொற்களேயாயினும், அவற்றின் கருத்துத் தமிழ் மரபோடு ஒத்தது. புகழ்தலும் வணங்குதலும் வாழ்த்துதலின் இனமானவை. பாக் நீரிணைக்கு அப்பால் வழங்கும் சிங்களத்திலும் நன்றிமொழி ‘ஸ்துதி’ என்னும் சொல்லின் அடியாகவே அமைந்தது.

1916 ஆம் ஆண்டளவில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வலுப்பெற்ற பின்னர் வந்தனம் முதலிய சொற்கள் மேடையினின்று மெல்ல நீங்கின. வாழ்த்தலும் வரவேற்றலுமாகிய இடங்களில் ‘வணக்கம்’ நிலைபெற்றது. முடிவுரையில் ‘நன்றி’ நிலைபெற்றது. வந்தனோபசாரம் ‘நன்றியுரை’ ஆயிற்று. ‘நன்றி நவிலல்’ எனவும் வழங்கிற்று. ‘நன்றியறிதல்’ என்னும் நெடுஞ்சொல்லின் பின்னுறுப்புத் தேய, முன்னுறுப்பே முழுச்சொல்லின் பொருளைத் தாங்கிற்று என்று கொள்ளுதல் பொருந்தும். ‘நன்றியுள்ளவன்’, ‘நன்றிகெட்டவன்’ என்னும் உலகவழக்குகளில் அச்சொல் உணர்வின் பெயராய் முன்னரே திரிந்திருந்தமை இதற்கு வழிகோலிற்று.

இப்பொழுது ‘நன்றி’ என்பது கூறு, தெரிவி, சொல் என்னும் வினைகளொடு சேர்கின்றது. செயலாய் இருந்தது உணர்வாகி, உணர்வாய் இருந்தது சொல்லாயிற்று. இதன்பின் ஆங்கிலப் பன்மையைத் தழுவி ‘நன்றிகள்’ என்னும் வடிவமும் தோன்றிற்று. பழைய பொருளில் நன்றிகள் என்பது பல உதவிகளைக் குறிக்கும். புதிய பொருளிலோ ஒருமையும் பன்மையும் ஒன்றே. ஊரெல்லை வளைவுகளில் ‘நன்றி, மீண்டும் வருக’ என எழுதப்பட்டிருப்பதை நாம் காண்கின்றோம். அங்கு எவ்வுதவியும் சுட்டப்படவில்லை. சொல், செயலினின்று முழுதும் விடுதலை பெற்றுவிட்டமைக்கு அவ்வளைவு சான்று.

6. கரையூர் வழக்கு

கோட்டைப்பட்டினம் போன்ற கரையூர்களில் இம்மூன்று நிலைகளும் இன்றும் உடன்வாழ்கின்றன. ஒரு சிற்றுதவி பெற்ற மூதாட்டி, உதவிய இளைஞனை ‘நல்லா இரு அப்பா’ என்கின்றார். இத்தொடரில் ‘நன்றி’ என்னும் சொல் இல்லை. ஆயின் அதன் வேரான ‘நல்’ உளது. அவன் செய்த நன்மையை அவர் அவனுக்கே வாழ்த்தாகத் திருப்புகின்றார். ஆலத்தூர் கிழார் அரசனுக்குச் செய்ததும் இதுவே.

தமிழ் முஸ்லிம்களிடையே ‘ஜஸாக்கல்லாஹு கைரன்’ என்னும் அரபுத் தொடர் நன்றிமொழியாக வழங்குகின்றது. இதன் பொருள், இறைவன் உனக்கு நன்மையைக் கைம்மாறாக அளிப்பானாக என்பது. பெற்றவன் தன்னால் முழுதும் ஈடுசெய்ய இயலாமையை ஒப்புக்கொண்டு, அக்கடனை இறைவன்பால் ஒப்புவிக்கின்றான். ‘கைர்’ என்னும் அரபுச்சொல் நன்மை எனப் பொருள்படுவது. தமிழில் ‘நன்றி’ என்பதன் முதற்பொருளும் அதுவே. ஆகவே மூதாட்டியின் தமிழ் வாழ்த்தும், பள்ளிவாசலில் ஒலிக்கும் அரபு வாழ்த்தும் ஒரே அமைப்பின. இரண்டும் உதவியவனுக்கு நன்மை விழைகின்றன. இரண்டிலும் பேசுவோனது உணர்ச்சி முதன்மை பெறவில்லை, கேட்போனது நலமே முதன்மை பெறுகின்றது.

இக்கரையினரும் உள்நாட்டினரும் பலர் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் சென்று பொருளீட்டினர். அங்கு அவர்கள் கேட்ட மலாய் மொழியில் ‘தெரிமா காசிஹ்’ என்பது நன்றிமொழி. ‘தெரிமா’ என்பது பெறுதல். ‘காசிஹ்’ என்பது அன்பு. போர்த்துகேசியர் மொழியில் ‘ஒப்ரிகாதோ’ எனின், கடப்பாட்டாற் கட்டுண்டவன் என்பது பொருள். ‘கடமைப்பட்டுள்ளேன்’ என்னும் நம் மேடைமொழி அதனொடு ஒக்கும். ஒவ்வொரு மொழியும் ஒரே நிகழ்ச்சியின் ஒவ்வொரு பக்கத்தினைப் பற்றிக்கொண்டது. ஆங்கிலம் நினைவினையும், மலாய் பெற்ற அன்பினையும், போர்த்துகேசியம் கடனையும், அரபும் பேச்சுத்தமிழும் வாழ்த்தினையும் பற்றின. ஒன்றன் சொல்லை வைத்து மற்றொன்றின் மக்களை அளத்தல் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

பள்ளியிற் பயிலும் சிறுவன் இதே கரையில் ‘தேங்க் யூ’ என்கின்றான். வங்கியிலும் அலுவலகத்திலும் ‘நன்றி’ என்கின்றனர். வீட்டினுள் தாய் உணவிடும்பொழுது அவளை நோக்கி ‘நன்றி’ எனின், அவள் மகிழ்தலினும் வியத்தலே மிகுதி. தாயும் மகனும் இருவராகப் பிரிந்து நின்று கொடுத்தல் வாங்கல் செய்தாற்போன்ற ஓர் அயன்மையை அச்சொல் உண்டாக்குகின்றது. உணவினை விரும்பி உண்டலும், இன்னும் கேட்டலுமே அவள் எதிர்பார்க்கும் நன்றி.

7. கற்போர்க்கு உணர்த்தும் முறை

மேற்கண்ட வரலாற்றினால் மொழியாசிரியர்க்கு விளையும் பயன் யாது? ஓர் அன்றாட வழக்கினைச் சொல்லுக்குச் சொல் நேர்வைத்து விளக்குதல் போதாது. அவ்வழக்கு எவ்விடத்தில் என்ன தொழிலைச் செய்கின்றது என விளக்குதல் வேண்டும். ‘தேங்க் யூ’ என்பது ஆங்கிலத்தில் ஒரு தொழிலை மட்டும் செய்வதன்று.

முதலாவது, பொருளோ உதவியோ பெற்றவிடத்து அது வருகின்றது. கடைக்காரர் மிச்சக் காசினைத் தந்தாலும், வழிப்போக்கர் கதவினைத் திறந்துவிட்டாலும், பேருதவி ஒன்றினைச் செய்தாலும் ஆங்கிலேயர் அதனையே கூறுவர். உதவியின் அளவினை அச்சொல் அளப்பதில்லை. தமிழிலோ சிறுதொழிலுக்குத் தலையசைப்பும் புன்முறுவலும் அமையும்; பேருதவிக்கு வாழ்த்தும் கண்ணீரும் உண்டு. ஆகவே ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவனுக்குச் சிற்றுதவிக்கும் இதனைச் சொல்லவேண்டும் எனக் கற்பித்தல் வேண்டும். சொல்லாது விடின் ஆங்கிலேயர் அதனை இன்மையாக அன்று, இகழ்ச்சியாகவே கொள்வர்.

இரண்டாவது, மறுக்குமிடத்தும் அது வருகின்றது. தேநீர் வேண்டுமா என வினவப்பட்டவர் ‘நோ, தேங்க் யூ’ என்பர். பொருள் பெறப்படவில்லை, ஆயினும் நன்றி கூறப்படுகின்றது. கொடுக்க நினைந்த எண்ணத்திற்கே நன்றி. தமிழில் இவ்விடத்தில் ‘இருக்கட்டும்’, ‘இப்பொழுதுதான் குடித்தேன்’ எனக் காரணங்காட்டி மென்மையாக மறுப்பதே இயல்பு. தமிழ் கற்கும் பிறமொழியாளர் வெறும் ‘வேண்டாம்’ என்றால் வன்மையாகும். ‘வேண்டாம், நன்றி’ என்றால் அயன்மையாகும். அவர்க்கு ‘இருக்கட்டும்’ என்பதனைக் கற்பித்தல் சாலும்.

மூன்றாவது, நலம் வினவியதற்கு விடையாகவும், உரையாடலையும் கடிதத்தையும் முடிக்கும் குறியாகவும் அது வருகின்றது. ‘நலமா?’ என்றவர்க்கு ‘நலம்’ எனச் சொல்லி, பின்னர் ‘நீங்கள் நலமா?’ என வினவுவதே தமிழ் மரபு. வினாவினைத் திருப்புதலே இங்கு நன்றியாகின்றது.

நான்காவது, வேண்டுகோளாகவும் அது வருகின்றது. புகைபிடியாமைக்கு நன்றி என்னும் அறிவிப்பு, நிகழ்ந்த ஒன்றிற்கு நன்றியன்று. நிகழவேண்டிய ஒன்றிற்குக் கட்டளை. இதனைச் சொல்லளவில் மட்டும் உணர்ந்த மாணவன் தான் இன்னும் செய்யாத ஒன்றிற்கு ஏன் நன்றி எனத் திகைப்பான்.

ஐந்தாவதாக, ‘தேங்க் யூ’ எனக் கேட்டவர் மறுமொழி கூறும் முறையினையும் உடன் கற்பித்தல் வேண்டும். ‘யூ ஆர் வெல்கம்’ என்பதனை ‘நீங்கள் வரவேற்கப்படுகின்றீர்கள்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து மயங்குவோர் உளர். ‘இருக்கட்டும்’, ‘பரவாயில்லை’, ‘இதில் என்ன இருக்கின்றது’ என்பனவே தமிழில் அதற்கு ஒத்தவை. இத்தமிழ் விடைகள் செய்த உதவியினைச் சிறிதாக்கிக் காட்டுதலை நோக்குக. பெற்றவன் தினையளவினைப் பனையளவாகக் கொள்வான். செய்தவனோ பனையளவினையும் தினையாக்கிச் சொல்வான்.

இலக்கண அமைப்பிலும் ஒரு வேற்றுமை உண்டு. ஆங்கிலத் தொடர் ‘நான்’ என்னும் எழுவாய் தொக்க வினைத்தொடர். நினைப்பவன் எழுவாய், நினைக்கப்படுபவன் செயப்படுபொருள். தமிழில் ‘உங்களுக்கு நன்றி’ என்பது வினையற்ற பெயர்த்தொடர். நான்காம் வேற்றுமை ஏற்றது. பழம்பொருளை வைத்து நோக்கின் இதற்கு ‘உங்களுக்கு நன்மை’ எனப் பொருள் கிடைக்கும். ஆங்கிலத்தின் வழி வந்த புதுத்தொடர், சொல்வோர் அறியாமலே, பழைய வாழ்த்தின் வடிவினைப் பெற்றுவிட்டது. இது வரலாற்றால் அமைந்ததன்று, தற்செயலாக அமைந்தது. ஆயினும் கற்பிப்போர்க்குப் பயன்தரும் ஒரு குறிப்பு.

8. முடிவுரை

‘நன்றி’ என்னும் சொல் மூன்று நிலைகளைக் கடந்து வந்தது. செய்தல் என்னும் வினையொடு கூடியபொழுது அது உதவியவனது செயலாக இருந்தது. அறிதல், மறத்தல் என்பவற்றொடு கூடியபொழுது பெற்றவனது நினைவாயிற்று. கூறல் என்பதனொடு கூடியபொழுது வாயின் சொல்லாயிற்று. இம்மூன்றாம் நிலை ஆங்கில வழக்கின் தொடர்பால் வலுப்பெற்றது. இதனைக் குறையென்று இகழவேண்டுவதில்லை. ஒருவரையொருவர் அறியாத மக்கள் நாள்தோறும் பேருந்திலும் கடையிலும் அலுவலகத்திலும் எதிர்ப்படும் இக்காலத்தில், உறவு கருதாத ஒரு சுருங்கிய நன்றிமொழி தேவையே. மூதாட்டி மகனை ஒத்தவனுக்குக் கூறும் வாழ்த்தினை, வங்கியில் அமர்ந்திருக்கும் அயலாருக்கு எல்லாரும் எந்நாளும் கூறுதல் இயலாது.

ஆயினும் புதிய நிலை பழைய நிலைகளை மறைத்தல் ஆகாது. திருக்குறளைப் பயிற்றும் ஆசிரியர், அங்கு நன்றி என்பது சொல்லப்படும் பொருளன்று, செய்யப்படும் பொருள் எனத் தெளிவுறுத்தல் கடன். ஆங்கிலம் பயிற்றும் ஆசிரியர், அவ்வழக்கின் இடங்களை வகுத்துக் காட்டுதல் கடன். ஊர்ப்புறத்து வழக்கினை ஆராய்வோர், ‘நல்லா இரு’ என்னும் வாழ்த்தினையும் நன்றிமொழிகளின் வரிசையிற் சேர்த்து எண்ணுதல் கடன். அவ்வாறு எண்ணின், நன்றிக்குச் சொல் இல்லாதவர் எனப்பட்ட மக்கள் அதற்கெனப் பல சொற்களையும், அவற்றினும் பழைய ஒரு முறையினையும் உடையவர் என்பது புலனாகும். கோட்டைப்பட்டினம் முதலான பாக் விரிகுடாக் கரையூர்களின் பேச்சுவழக்கினை இந்நோக்கிற் றொகுத்து ஆராயும் பணியினை இளைய ஆய்வாளர் மேற்கொள்வாராக.